கைமாறி வந்த லேப்டாப்பில் விண்டோஸ் பாதுகாப்பு: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பெங்களூரில் மடிவாளா பக்கம் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்கி வேலை பார்க்கிறேன். கம்பெனி ஒன்றில் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்பை எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். விண்டோஸ் 11 ப்ரோ போட்டே கொடுத்தார்கள். கூடவே மூன்று வருட ஆன்டிவைரஸும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். விண்டோஸில் இருப்பதே போதுமா? எந்தெந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? ஓசூரில் அப்பா விண்டோஸ் 10 டெஸ்க்டாப் வைத்திருக்கிறார், அதற்கும் சொல்லுங்கள்.

பதில்:

ஆன்டிவைரஸ் வாங்காதீர்கள். விண்டோஸ் 11-உடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் சொந்த உபயோகத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது முழுதாக ஓட வேண்டும், அதன் கண்ணில் படாமல் யாரும் எதையும் ஒதுக்கி வைத்திருக்கக் கூடாது. கைமாறி வந்த லேப்டாப்பில் அதைத்தான் நம்பி இருக்க முடியாது. எனவே புதிதாக எதைச் சேர்ப்பது என்று யோசிக்கும் முன், முன்னால் வைத்திருந்தவரோ விண்டோஸ் போட்டுக் கொடுத்தவரோ எதையெல்லாம் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் அந்த விண்டோஸ் அசல்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போங்கள். 'டிஜிட்டல் லைசன்ஸ்' மூலம் ஆக்டிவேட் ஆகியிருப்பதாக இருந்தால் நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் உஷாராகுங்கள். அது கேஎம்எஸ் என்ற முறை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரை வைத்து 180 நாளுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்வதற்காக மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழி அது. எந்த நிறுவனத்தோடும் சேராத உங்கள் லேப்டாப்பில் அந்த வரி இருக்கிறது என்றால், அந்த சர்வரைப் போல நடிக்கும் கிராக் புரோகிராம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட புரோகிராமை டிஃபெண்டர் பார்த்தவுடன் பிடித்துவிடும். அதனால்தான் அதைப் போடுகிறவர்கள் முதல் காரியமாக டிஃபெண்டரை முடக்குகிறார்கள், அல்லது அந்த ஃபோல்டரை மட்டும் பார்க்காதே என்று சொல்லிவைக்கிறார்கள்.

அது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' போங்கள். பக்கத்தின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதைத் திறந்தால் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத ஒரு ஃபோல்டர் அங்கே இருந்தால், அந்த ஃபோல்டருக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது. சில கணினிகளில் மொத்த சி டிரைவையே சேர்த்து வைத்திருப்பார்கள். அப்போது முகப்பில் பச்சை டிக் அழகாகத் தெரியும், உள்ளே பாதுகாப்பு என்று ஒன்றுமே இருக்காது. பச்சை டிக்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு அடையாளம்: ஸ்விட்சுகள் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கும். மேலே, இந்த செட்டிங்கை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார் என்று ஒரு வரி. டிஃபெண்டரை முடக்கும் டூல்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) பாலிசி, அதாவது கட்டாய விதி ஒன்றை எழுதி விட்டுப்போவதால் இப்படி ஆகும். பழைய கம்பெனியின் நிர்வாகக் கட்டுப்பாடு விடுபடாமல் இருந்தாலும் இதே வரி வரும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத நிறுவனக் கணக்கு ஏதாவது தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும், ஒவ்வொன்றாகச் சரிசெய்து நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். உண்மையில், எல்லாம் சுத்தமாகத் தெரிந்தாலும் செகண்ட் ஹேண்ட் கணினியில் நான் சொல்வது இதைத்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, 'ரீசெட் திஸ் பிசி' என்று போய் 'ரிமூவ் எவ்ரிதிங்', அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுக்கலாம். 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' வேண்டாம். அது ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களைக் கொண்டே விண்டோஸைத் திரும்பக் கட்டும். அந்த ஃபைல்களைத்தானே சந்தேகப்படுகிறோம்? கிளவுட் டவுன்லோடுக்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகும், ஆகவே போன் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள். இதைவிடச் சுத்தமான வழி, நம்பகமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இன்ஸ்டாலர் தயாரித்து, இன்ஸ்டால் செய்யும்போது பழைய பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) அத்தனையையும் டிலீட் செய்துவிடுவது. பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், முன்பே எடுத்து வையுங்கள்.

லைசன்ஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். கம்பெனிகள் வாங்கிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ப்ரோ லைசன்ஸின் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இன்ஸ்டால் முடிந்து நெட்டில் சேர்ந்ததும் விண்டோஸ் தானாக அதை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளவில்லை என்றால், கடையில் அசல் லைசன்ஸ் கேட்டு வாங்க இதுதான் நேரம். புதிதாகப் போட்டதும் வைஃபை டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாமல் நிற்பது சகஜம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் செட்டப் மேலே நகரும்.

அந்த செட்டப்பில் ஒரு இடத்தைக் கூர்ந்து பாருங்கள். நெட் கிடைத்த உடனே உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, அந்த கம்பெனி மெயில் ஐடியால் உள்ளே வரச் சொன்னால், லேப்டாப் இன்னும் அந்த நிறுவனத்தின் ஆட்டோபைலட் பதிவேட்டில் (நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருக்கிறது. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கும். பொதுவாக அந்த நிறுவனம்தான் விடுவிக்க வேண்டும். நெட் இல்லாமல் செட்டப்பை முடித்து இதைத் தாண்டும் குறுக்குவழிகள் உண்டு, ஆனால் சொந்தமில்லாத பூட்டு தலைக்கு மேல் தொங்கும் கணினியில் உங்கள் பேங்க் வேலையைச் செய்யாதீர்கள். திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) நுழையப் பாஸ்வேர்ட் கேட்டாலும் இதே கதைதான். கணினியை ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, லெனோவோ திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10 அழுத்தி உள்ளே போக முடிகிறதா என்று கடையிலேயே பார்த்திருக்க வேண்டியது. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள்ளாவது பாருங்கள்.

பயாஸுக்குள் போனதும் பார்க்க வேண்டியவை இரண்டு. செக்யூர் பூட் (கணினி துவங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் சோதனை) ஆனாக இருக்க வேண்டும், டிபிஎம் (பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு சிப்) ஆனாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 தேவை, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். பிராசசர் பெயரில் ஐ5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 6-லோ 7-லோ தொடங்கினால் (6300, 7300 மாதிரி) பெரும்பாலும் அது அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாதது. யாரோ சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை அப்டேட் நின்ற கணினிக்கு வேறு எந்த செட்டிங்கும் ஈடு கட்டாது.

செக்யூர் பூட் பற்றி இன்னொன்று. 2011-இல் வழங்கிய அதன் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. 2023-இன் புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. பழைய மாடல்களில் அவை சரியாக உட்கார, தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டும் தேவைப்படலாம். ஆகவே மாடல் நம்பரைக் கொண்டு கம்பெனி தளத்தில் கடைசி பயாஸை இறக்கிப் போட்டுவிடுங்கள். கீழே சொல்லப்போகும் என்க்ரிப்ஷனுக்கு (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது) முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. காரணம் அங்கே தெரியும்.

இனி டிஃபெண்டர். புதிதாகப் போட்ட விண்டோஸில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்தில் ரியல் டைம் புரொடெக்‌ஷன், கிளவுட் டெலிவர்டு புரொடெக்‌ஷன், ஆட்டோமேட்டிக் சாம்பிள் சப்மிஷன், டாம்பர் புரொடெக்‌ஷன் நான்கும் ஆனாக இருக்கட்டும். ரியல் டைமை யாராவது அணைத்தாலும் சற்று நேரத்தில் விண்டோஸே திரும்பப் போட்டுவிடும். டாம்பர் புரொடெக்‌ஷன் அப்படியல்ல, அது அணைந்தால் மற்றவற்றை வேறு புரோகிராம்கள் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும். அதனால் நான்கில் அதை முக்கியமாகப் பாருங்கள். 'டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று எந்த சாஃப்ட்வேர் சொன்னாலும், அந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு வேண்டாம்.

லேப்டாப்போடு வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸ் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். வேறு ஆன்டிவைரஸ் பதிவாகி இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து இரட்டிப்புப் பாதுகாப்பு தரும் என்று நினைப்பது தவறு.

'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. அதில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பதை ஆன் செய்து, கீழே இருக்கும் 'பிளாக் ஆப்ஸ்', 'பிளாக் டவுன்லோட்ஸ்' இரண்டிலும் டிக் போடுங்கள். இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் தேவையில்லாத டூல்பார், 'பிசி கிளீனர்' வகையறாக்களை நிறுத்துவது இதுதான். தமிழில் டைப் செய்ய எங்கிருந்தோ ஒரு இன்ஸ்டாலரை இறக்கும்போது, ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலத் திரை காட்டித் தடுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே' என்று அழுத்தி அழுத்தி அது பழக்கமாகிவிடுகிறது, அந்தப் பழக்கம்தான் பின்னால் ஆபத்து. தமிழ்99 விசைப்பலகையும் தமிழ் ஃபோனெட்டிக்கும் விண்டோஸிலேயே இருக்கின்றன. டைம் அண்ட் லாங்குவேஜில் தமிழைச் சேர்த்து, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும், எதையும் இறக்க வேண்டியதில்லை.

'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசொலேஷன்' உள்ளே 'மெமரி இன்டெக்ரிட்டி' இருக்கிறது. விண்டோஸின் மையப் பகுதிக்குள் கெட்ட டிரைவர்கள் நுழையாமல் தடுப்பது அது. ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் அந்த ஃபைலின் பெயரையே காட்டும். பெரும்பாலும் பழைய பிரின்டர் அல்லது டாங்கிளின் மிச்சமாக இருக்கும். அந்தச் சாதனம் இப்போது இல்லை என்றால் அதன் சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். ஆறாம் தலைமுறை இன்டெல்லில் இதை ஆன் செய்தால் வேகம் குறைவது தெரியும். ஏழாம் தலைமுறையிலிருந்துதான் இதற்கான வசதி பிராசசருக்குள்ளேயே வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வைரஸுக்கு. பிஜியில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து லேப்டாப்பே காணாமல் போவது. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ பையோடு போகலாம், ரூமிலிருந்தே போகலாம். விண்டோஸ் பாஸ்வேர்ட் அப்போது ஒன்றும் செய்யாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் சொருகினால் உங்கள் ஆதார் நகல், பான் கார்டு, சம்பளச் சீட்டு எல்லாம் அப்படியே திறக்கும். அதைத் தடுப்பது என்க்ரிப்ஷன் மட்டும்தான். ப்ரோ பதிப்பில் அதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற எளிய வடிவம் இருக்கும், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே பாருங்கள்.

தொடங்கும் முன், 'டிவைஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் 'செக்யூரிட்டி பிராசசர் டீடெய்ல்ஸ்', அடுத்து 'ட்ரபிள்ஷூட்டிங்' போய் டிபிஎம்மை ஒருமுறை கிளியர் செய்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன், என்க்ரிப்ஷன் ஏற்கெனவே தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஆகியிருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். பழைய உரிமையாளரின் மிச்சம் எதுவும் அதில் இருக்க வேண்டாம். என்க்ரிப்ஷன் போட்ட பிறகு இதைச் செய்யாதீர்கள், டிஸ்க்கைத் திறக்கும் அவசரச் சாவியான ரிகவரி கீயைக் கேட்டு நிற்கும். பிறகு கன்ட்ரோல் பேனலில் 'பிட்லாக்கர் டிரைவ் என்க்ரிப்ஷன்' திறந்து சி டிரைவுக்கு ஆன் செய்யுங்கள். பயன்பட்ட இடத்தை மட்டும் என்க்ரிப்ட் செய்யவா, முழு டிரைவையுமா என்று கேட்கும். இப்போதுதான் விண்டோஸ் போட்டீர்கள், சொந்த ஃபைல் எதுவும் இன்னும் வைக்கவில்லை என்றால் முதலாவது போதும், சீக்கிரம் முடியும். ஏற்கெனவே உங்கள் ஃபைல்களை வைத்து அழித்திருந்தால் முழு டிரைவையும் தேர்ந்தெடுங்கள். அழித்த ஃபைலின் சுவடு காலி இடத்தில் கிடக்கும்.

ரிகவரி கீயை எங்கே வைப்பது என்று கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கம். அது இல்லாமல் பூட்டிய டிஸ்க்கை மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது, சர்வீஸ் சென்டராலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமியுங்கள். அதோடு, ஒரு காகிதத்தில் கையால் எழுதி ஊரில் வீட்டுப் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே அதை வைத்தால் திருடனுக்கு வேலை மிச்சம். பென் டிரைவில் ஏற்றி வெளியே பிரின்ட் எடுப்பதும் வேண்டாம். சேமித்ததும், போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து டிவைசஸ் பகுதியில் கீ தெரிகிறதா என்று உடனே சரிபாருங்கள்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லோக்கல் அக்கவுன்ட் (மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேராத, அந்தக் கணினிக்கு மட்டுமான அக்கவுன்ட்) மட்டும் வைத்திருந்தால், டிஸ்க் என்க்ரிப்ட் ஆனதுபோலத் தெரிந்தாலும் ஆக்டிவேஷனுக்குக் காத்திருக்கும் நிலையிலேயே நிற்கும். அந்த நிலையில் பூட்டு இருக்கிறது, சாவியும் அதிலேயே தொங்குகிறது. அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே வந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே வந்தால் என்க்ரிப்ஷன் கேட்காமலே தொடங்கிவிடுகிறது. தங்கள் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருப்பதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள். பழைய மெயில் ஐடியை மறந்த பிறகு ஒருநாள் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கும்போதுதான் தெரியவருகிறது.

அந்தத் திரை எப்போது வரும்? பயாஸ் அப்டேட் செய்தால், செக்யூர் பூட்டை மாற்றினால், பூட் வரிசையை மாற்றினால், மதர்போர்டை மாற்றினால். கணினி துவங்கும் விதம் மாறிவிட்டதை டிபிஎம் கண்டுகொண்டு சாவியைத் தர மறுக்கிறது. அது கோளாறல்ல, அதன் வேலையே அதுதான். ஆகவே பயாஸைத் தொடும் முன்பு பிட்லாக்கர் பக்கத்தில் 'சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்' அழுத்துங்கள். ரீஸ்டார்ட் ஆனபின் அது தானாகத் திரும்பி வந்துவிடும், வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் கீ கைவசம் இருக்கட்டும், ஆனால் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெரும்பாலானோர் செய்யாத ஒன்று. என் கணக்கில், இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: தினமும் பயன்படுத்தும் அக்கவுன்ட் அட்மினாக இருக்கக் கூடாது. விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகும் அக்கவுன்ட் அட்மின் உரிமையோடு வருகிறது. அதில் உட்கார்ந்து ஒரு தவறான ஃபைலைத் திறந்து 'யெஸ்' அழுத்திவிட்டால் அந்த புரோகிராமும் அட்மின். டிஃபெண்டருக்கு எக்ஸ்க்ளூஷன் சேர்க்கும் அதிகாரமும் அதற்கு வந்துவிடும்.

வரிசை முக்கியம். அக்கவுன்ட்ஸில் 'அதர் யூசர்ஸ்' போய் 'ஆட் அக்கவுன்ட்' அழுத்துங்கள். மெயில் கேட்கும் இடத்தில், இவரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்ற வரியையும் தேர்ந்தெடுத்தால் லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கலாம். நல்ல நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும், அவற்றுக்கு உண்மையான பதில் தராதீர்கள். பிறந்த ஊரும் முதல் பள்ளியும் உங்கள் நண்பர்களுக்கெல்லாம் தெரியும். உருவானதும் 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' மூலம் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். இப்போது உங்கள் அக்கவுன்ட்டிலிருந்து சைன் அவுட் ஆகி, அந்தப் புதிய அக்கவுன்ட்டில் ஒருமுறை உள்ளே போய் எல்லாம் வேலை செய்கிறது என்று பார்த்தபின், அங்கிருந்து உங்கள் தினசரி அக்கவுன்ட்டை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்றுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள், வேலை செய்யும் அட்மின் அக்கவுன்ட் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மேலே பிட்லாக்கரை முடித்தபிறகு இதற்கு வாருங்கள், அதற்கு அட்மின் உரிமை வேண்டும்.

இதற்குப் பிறகு ஏதாவது இன்ஸ்டால் செய்ய முயன்றால், யெஸ் பட்டனுக்குப் பதிலாக அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அதை டைப் செய்ய ஆகும் அந்தச் சில விநாடிகளில் திரையைப் படியுங்கள். புரோகிராமின் பெயர் என்ன, பப்ளிஷர் யார் என்று அதில் இருக்கும். 'அன்நோன்' என்று இருந்தாலோ, நீங்களாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தொடங்காத நேரத்தில் அது வந்தாலோ, ரத்து செய்யுங்கள். இப்படி எப்போதெல்லாம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல் ஸ்லைடரில் நான்கு நிலைகள் உண்டு. முதலில் இருக்கும் நிலை மேலிருந்து இரண்டாவது. அதை உச்சிக்குத் தள்ளுங்கள். இரண்டாவது நிலையில் விண்டோஸின் சொந்தப் புரோகிராம்கள் கேட்காமலே அட்மின் உரிமை பெறும், அந்தச் சலுகையைத் திருடிக்கொள்ளும் தந்திரங்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன.

ஃபயர்வாலில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆன் என்று காட்ட வேண்டும். பிஜி வைஃபை எப்போதும் 'பப்ளிக் நெட்வொர்க்' ஆகவே இருக்கட்டும். ஒரே பாஸ்வேர்டில் மாடி மாடியாக எத்தனையோ பேர் இருக்கும் நெட்வொர்க் அது. செட்டிங்ஸில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்கள். ஏதாவது புரோகிராமுக்கு ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு ஜன்னல் வந்தால் கேன்சல் அழுத்துங்கள். பெரும்பாலானவை அதன்பிறகும் நன்றாகவே ஓடும், ஏனென்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுப்பது உள்ளே வருவதை, வெளியே போவதை அல்ல. சிக்பேட், சிவாஜிநகர் கடைகளில் இரண்டு கணினிகளுக்கு இடையே ஃபைல் பகிர முடியவில்லை என்று ஃபயர்வாலையே அணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதற்கு நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கை மட்டும் அனுமதித்தால் போதும்.

உங்களிடம் இருப்பது ப்ரோ என்பதால் 'ரிமோட் டெஸ்க்டாப்' (வேறு கணினியிலிருந்து இதை இயக்கும் வசதி) ஆஃபாக இருக்கிறதா என்றும் சிஸ்டம் பகுதியில் பாருங்கள்.

அப்டேட் விஷயத்தில் பிஜிவாசிகள் பலர் தெரியாமல் செய்யும் ஒரு தவறு, போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா மிச்சம் பிடிக்க 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய்வது. அந்த இணைப்பில் பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்காது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அமெரிக்கக் காலையில் வெளியாகும் பாதுகாப்பு அப்டேட் நமக்கு அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு வருகிறது. அந்த வாரம் ஒருநாள் நல்ல வைஃபையில் அமர்ந்து 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தி ரீஸ்டார்ட் வரை முடித்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவைச் சொருகும் முன், 'ஆட்டோபிளே' ஆஃபாக இருக்கட்டும். திறந்து பார்த்தால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஐகானின் இடது மூலையிலும் சின்ன அம்புக்குறி ஒன்று வந்திருக்கும். அது ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன, நீங்கள் கிளிக் செய்யப்போவது வைரஸை ஓட்டும் ஷார்ட்கட்டை. கிளிக் செய்யாமல் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ' உள்ளே 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹிடன் ஐட்டம்ஸ்' இரண்டையும் ஆன் செய்துவைத்தால், பிடிஎஃப் மாதிரி நடிக்கும் புரோகிராம் ஃபைல்களும் பெயரின் முடிவிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ரான்சம்வேருக்காக (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதி இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத புரோகிராம்கள் எழுதுவதைத் தடுக்கும். நல்ல வசதிதான், ஆனால் கேம், ஸ்கேனர் சாஃப்ட்வேர் எல்லாம் சேமிக்க முடியாமல் திணறும். 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் போய் ஒவ்வொன்றாக அனுமதிக்கும் பொறுமை இருந்தால் ஆன் செய்யுங்கள். எப்படியானாலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பேக்கப் வேண்டும், பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். இணைந்தே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.

எந்த செட்டிங்கும் உறுதியாகத் தடுக்க முடியாத இரண்டு மோசடிகளைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, 'நீங்கள் மனிதர்தானா என்று நிரூபியுங்கள்' என்று கேட்கும் போலிப் பக்கம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்து, கன்ட்ரோலோடு வி அழுத்து, என்டர் தட்டு என்று படிப்படியாகச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்துவிட்டது, உங்கள் கையாலேயே அதை ஓட்டவைக்கிறது. உண்மையான கேப்ட்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே எதையும் அழுத்தச் சொல்லாது. இன்னொன்று, பேங்க் என்றோ போலீஸ் என்றோ போன் செய்து ஸ்கிரீன் ஷேரிங் ஆப்பைத் திறக்கச் சொல்வது. அப்பாவிடம் இதை முக்கியமாகச் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைப் பாதி வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

அப்பாவின் டெஸ்க்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் இன்னும் இறங்குகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டைகளை அது அடைக்காது. அந்தக் கணினி 22எச்2 பதிப்பில் இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே வந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு 2026 அக்டோபர் 13 வரைக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதைப் பதிவு செய்து, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பார்த்து, அப்பாவுக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் போட்டுவிட்டு வாருங்கள். அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டால், யார் போனில் என்ன சொல்லி எதை இன்ஸ்டால் செய்யச் சொன்னாலும் பெரும்பாலும் அவர் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கிரீன் ஷேரிங் ஆப்களில் சில இன்ஸ்டால் ஆகாமலே ஓடிவிடும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.